முயலுக்குக் கடலைக்கொடி மட்டும் போதுமா? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் முயல் கூண்டு பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி கூண்டைப் பற்றியே இல்லை, தீவனத்தைப் பற்றித்தான். அறுவடை முடிந்து வயலில் கிடக்கும் கொடி, தட்டை, தழை, ஆலையில் மிஞ்சும் தவிடு, பொட்டு, பிண்ணாக்கு, இதையெல்லாம் முயலுக்குப் போடலாமா, எவ்வளவு போடலாம், போட்ட மறுநாளே ஏன் கழிகிறது என்று ஆளாளுக்குக் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: ஐயா, எங்களிடம் மாடுகள் உண்டு. கடலைக்கொடி, மக்காச்சோளத் தட்டை, வைக்கோல் மூன்றும் போர் போட்டு வைத்திருக்கிறோம். புதிதாகப் பத்து முயல் வாங்கியிருக்கிறேன். வெளியில் தீவனம் எதுவும் வாங்காமல் இந்த மூன்றையே போட்டு வளர்த்துவிடலாம் என்று நினைக்கிறேன். சரிதானா?

பதில்: மூன்றில் கடலைக்கொடி சரி, மக்காச்சோளத் தட்டை பாதி சரி, வைக்கோலைக் குட்டி போடும் பெட்டியில் விரிக்க வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று சொல்கிறேன், ஏனென்றால் மாடு வைத்திருப்பவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள், மாட்டுக்கு ஒத்துக்கொண்டது முயலுக்கும் ஒத்துக்கொள்ளும் என்று.

மாட்டுக்கு நுண்ணுயிர்கள் இருப்பது முன்வாசலில், முதல் இரைப்பையில். வைக்கோலை அங்கே ஊறப்போட்டு, அசைபோட்டு, மறுபடி ஊறப்போட்டு மணிக்கணக்கில் அரைத்து எடுத்துவிடும். முயலுக்கு அந்த ஏற்பாடு கொல்லைப்புறத்தில் இருக்கிறது, சிறுகுடலைத் தாண்டி குருட்டுக்குடல் என்று ஒரு பெரிய பை. அதிலும் ஒரு வேடிக்கை, எல்லாத் தீவனத்தையும் அந்தப் பைக்குள் விடாது. பொடியாக இருப்பதையும் கரைந்ததையும் மட்டும் உள்ளே தள்ளி நொதிக்கவிடும், முரட்டு நாரைப் பிரித்துச் சட்டென்று புழுக்கையாக வெளியே அனுப்பிவிடும். மாடு வைக்கோல் நாரில் பாதியையாவது செரித்துவிடும் என்றால், முயல் தான் தின்னும் நாரில் ஐந்தில் ஒரு பங்கைச் செரித்தால் பெரிது.

அப்படியானால் நார் வீண்தானே என்று கேட்பீர்கள். இல்லை. அந்த முரட்டு நார்தான் குடலை ஓடவைக்கிறது. தீவனத்தில் நார்ச்சத்து 14 முதல் 16 சதவீதம் இருக்கவேண்டும், 12க்குக் கீழே இறங்கினால் குடல் மந்தமாகி, உள்ளே கெட்ட கிருமி பெருகி, கழிச்சலில் போய் முடியும். நார் முயலுக்குச் சாப்பாட்டை விடத் துடைப்பம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். துடைப்பம் வேண்டும், ஆனால் அதை மட்டும் தின்று வளர முடியாது.

கடலைக்கொடியில் இரண்டும் இருக்கிறது. நன்றாகக் காய்ந்த, இலை உதிராத கொடியில் 10 முதல் 12 சதவீதம் புரதம், தண்டில் நார், கூடவே பயறுவகைச் செடிக்கே உரிய சுண்ணாம்புச் சத்து. இலை உதிராத என்று சொன்னதைக் கவனியுங்கள். உச்சி வெயிலில் கொடியைத் தூக்கிப் போட்டால் இலையெல்லாம் தரையில், கையில் மிஞ்சுவது குச்சி. காலையில் லேசாக ஈரக்காற்று இருக்கும்போது கட்டித் தூக்குங்கள். தட்டைப்பயறு, உளுந்துக் கொடிக்கும் இதே கதைதான். மண்ணோடு பிடுங்கிய கொடி என்றால் வேரை வெட்டிவிட்டு நன்றாக உதறுங்கள், மண்தூசி மூக்கில் ஏறித் தும்மல் பிடிக்கும்.

மக்காச்சோளத் தட்டையில் காய்ந்த தோகையையும் கதிரின் மேலுறையையும் தின்னும். தண்டைக் கடிக்கும், தின்னாது. கடிக்கட்டும், முன்பற்கள் வாரத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் வளர்ந்துகொண்டே இருப்பவை, தேய ஏதாவது வேண்டும். மிச்சத்தை மாட்டுக்கோ எருக்குழிக்கோ போடலாம். வைக்கோலில் புரதம் 4 சதவீதம்தான், மணல்சத்து அதிகம், முயல் பசியில் தின்றாலும் உடம்பில் ஒன்றும் ஒட்டாது.

சும்மா இருக்கும் பெரிய ஆண் முயலை நல்ல கடலைக்கொடியும் கொஞ்சம் தவிடுமாக ஓட்டிவிடலாம். சினை முயலையும் பாலூட்டும் முயலையும் பால் மறந்த குட்டியையும் முடியாது. முயல் குட்டி ஒரு வாரத்துக்குள் பிறந்த எடையைப்போல் இரண்டு மடங்காகிறது, அத்தனையும் தாயின் பாலிலிருந்து. அந்தத் தாய்க்குக் காய்ந்த கொடியை மட்டும் போட்டால் அது தன் முதுகெலும்பைத்தான் கரைத்துக் கொடுக்கும்.

கேள்வி: வணக்கம் ஐயா. காய்கறித் தோட்டத்தில் கழிக்கும் முட்டைக்கோஸ் மேலிலை, காலிஃபிளவர் இலை, கேரட் தழை எல்லாம் கூடை கூடையாகக் கிடைக்கிறது. குட்டிகள் ஆசையாகத் தின்றன. மூன்றாம் நாள் பின்பக்கம் முழுக்க நனைந்து, வயிறு உப்பி, ஆறு குட்டி செத்துவிட்டன. என்ன தவறு செய்தேன்?

பதில்: மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது அம்மா. இலையில் விஷமில்லை. நீங்கள் கொடுத்த வேகமும் குட்டிகளின் வயதும்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஒரு சின்னக் கணக்கு. நாலு கிலோ முயலுக்கு ஒரு நாளைக்கு 140 கிராம் அளவுக்கு உலர்ந்த பொருள் உள்ளே போகவேண்டும். கோஸ் இலையில் நூற்றுக்கு 92 பங்கு தண்ணீர். 140 கிராம் உலர்பொருள் கிடைக்க ஒன்றேமுக்கால் கிலோ கோஸ் இலை தின்னவேண்டும். பெரிய முயலாலேயே முடியாது. வயிறு நிரம்பியதுபோல் இருக்கும், நார் கிடையாது, குடல் நிறைய தண்ணீரும் எளிதில் நொதிக்கும் சர்க்கரையும்தான். குட்டி மூன்றாவது வாரத்தில்தான் கொறிக்கவே ஆரம்பிக்கிறது, நாலைந்து வாரத்தில் பால் மறக்கிறது. அந்தச் சமயத்தில் குருட்டுக்குடலில் நல்ல நுண்ணுயிர்கள் இப்போதுதான் குடியேறிக்கொண்டிருக்கும். திடீரென்று ஒரு கூடை கோஸ் இலை வந்தால் அந்தக் குடித்தனம் கலைந்துவிடும்.

இரண்டாவது சந்தேகம், கூடை கூடையாகக் கொண்டுவந்த இலையை எப்படி வைத்திருந்தீர்கள்? குவித்து வைத்திருந்தால் குவியலுக்குள் கையை விட்டுப் பாருங்கள், நாலைந்து மணி நேரத்தில் உள்ளே வெதுவெதுப்பாக இருக்கும். அந்த வெதுவெதுப்பு வந்துவிட்டால் அது முயலுக்கு ஆகாது, எருவுக்குத்தான். பச்சைத்தழை எதுவானாலும் வந்ததும் நிழலில் மெல்லிசாகப் பரப்பிவிடவேண்டும். அரை நாள் வாடினால் இன்னும் நல்லது, தண்ணீர் குறையும்.

இனிமேல் இப்படிச் செய்யுங்கள். இரண்டு மாதம் ஆகும்வரை குட்டிக்குக் கோஸ், காலிஃபிளவர் இலை வேண்டாம். கேரட் தழை பரவாயில்லை, அதில் நார் இருக்கிறது. பெரிய முயலுக்கு முதல் நாள் ஒரு இலை, அதுவும் காய்ந்த கொடியோ புல்லோ தின்ற பிறகு, அப்புறம் ஏழெட்டு நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஒரு கைப்பிடி அளவில் நிறுத்துங்கள். மருந்தடித்த தோட்டமா, கடைசியாக எப்போது அடித்தார்கள் என்று கேட்காமல் இலையை எடுக்காதீர்கள். மேலிலையில்தான் மருந்து அதிகம் படிந்திருக்கும், அதைத்தான் கழித்தும் போடுவார்கள்.

மறுபடி கழிந்தால் பச்சையை உடனே நிறுத்தி, காய்ந்த புல்லும் தண்ணீரும் மட்டும் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வீட்டில் மிஞ்சிய அமாக்ஸிசிலின் மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். அதையும் லின்கோமைசின் போன்றவற்றையும் வாய்வழியாகக் கொடுத்தால் குடலில் இருக்கும் நல்ல கிருமி அழிந்து, கழிச்சல் முற்றி, மாத்திரையே முயலைக் கொன்றுவிடும்.

கேள்வி: அண்ணா, விடியற்காலையில் முயல் குனிந்து தன் பின்புறத்திலிருந்தே எதையோ எடுத்துத் தின்கிறது. தீவனம் பத்தாமல்தான் இப்படிச் செய்கிறதா?

பதில்: பத்தாமல் இல்லை தம்பி, அதன் பிழைப்பே அப்படித்தான். குருட்டுக்குடலில் நொதித்ததைத் திராட்சைக் கொத்து மாதிரி மிருதுவான, பளபளப்பான உருண்டைகளாக வெளியேற்றும், கீழே விழுமுன் வாயால் எடுத்து விழுங்கிவிடும். பி வைட்டமின்களும் நுண்ணுயிர்ப் புரதமும் இந்த இரண்டாவது சுற்றில்தான் உடம்பில் சேர்கின்றன. 1882ல் மொரோ என்ற பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் இதைப் பார்த்து எழுதினார். நீங்கள் கவலைப்படவேண்டியது அந்த மிருதுவான உருண்டை தின்னப்படாமல் கூண்டுக்கு அடியில் கிடந்தால்தான். தவிடு, பிண்ணாக்கு, தானியம் அளவுக்கு மேல் போகிறது, முரட்டுத் தீனி குறைகிறது என்று அர்த்தம்.

கேள்வி: மழையில் கொஞ்சம் நனைந்த கடலைக்கொடி இருக்கிறது. அங்கங்கே வெள்ளையாகப் பூத்திருக்கிறது. வெயிலில் நன்றாகக் காயவைத்து உதறிப் போட்டால் பரவாயில்லையா? எறிய மனசு வரவில்லை.

பதில்: எனக்கும் ஒருமுறை மனசு வரவில்லை. காயவைத்த கடைசி நாள் மாலையில் ஒரு தூறல். மேலாக்கில்தானே நனைந்தது என்று போர் போட்டுவிட்டேன். ஒரு மாதம் கழித்துப் பிரித்தபோது கட்டுக்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில் புகை மாதிரித் தூசி எழுந்தது, ஈரச் சாக்கை மூட்டையாக வைத்துப் பிரித்தால் வருமே அந்த வாடை. நீங்கள் சொல்வதுபோலவே இரண்டு நாள் வெயிலில் போட்டு, உதறி, பார்க்க நன்றாகத்தான் இருந்தது, தொட்டியில் வைத்தேன். பெரிய முயல்கள் முகர்ந்துவிட்டு நகர்ந்துவிட்டன. அப்போதே எனக்கு உறைத்திருக்கவேண்டும். குட்டிகளுக்கு வேறு எதுவும் வைக்கவில்லை, பசியில் அவை தின்றன. முதலில் தீனி எடுப்பது குறைந்தது, முடி சிலிர்த்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தன, பத்து நாளில் ஒன்பது குட்டி போயிற்று.

வெயிலில் போட்டால் பூஞ்சணம் வளர்வது நிற்கும். அது ஏற்கெனவே விட்டுவைத்த நஞ்சு அப்படியே இருக்கும். 1960ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் கொத்துக்கொத்தாகச் செத்தன, என்ன நோய் என்று பெயர்கூட வைக்கத் தெரியவில்லை. கடைசியில் அவை தின்ற கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த ஒரு பூஞ்சணத்தின் நஞ்சுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அஃப்ளடாக்சின் என்று இன்று எல்லோரும் சொல்வது அதைத்தான். சமையல் சூட்டுக்குக்கூட அது அசையாது. ஈரலைத் தாக்கும், முயலுக்கு மிகக் குறைந்த அளவே போதும். கடலைப் பிண்ணாக்கு, மக்காச்சோளம், பருத்திக்கொட்டை மூன்றிலும் அதிகம் வரும். கொடியில் வளர்கிற மற்றப் பூஞ்சணங்களும் லேசுப்பட்டவை அல்ல.

மாட்டுக்காவது போடலாமா என்று அடுத்த கேள்வி வரும். வேண்டாம், அந்த நஞ்சு உருமாறிப் பாலில் வருகிறது. எருக்குழியில் போட்டு மூடுங்கள். அடுத்தமுறை தண்டை வளைத்தால் படக்கென்று ஒடிகிற அளவுக்குக் காய்ந்த பிறகு போர் போடுங்கள், தரையில் நேராக வைக்காமல் கட்டையோ கல்லோ அடுக்கி அதன்மேல் வையுங்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் மாவாக அரைத்துக் கலந்து வைத்தால் வீணாகாது என்று சொன்னார்கள். அப்படியே செய்தேன். முயல் தும்முகிறது, தீவனத்தைக் காலால் பறிக்கிறது, சாணமும் இளகிவிட்டது.

பதில்: வீணாகாது என்று சொன்னவர் மாட்டை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார். மேலே சொன்னேனே, பொடி எல்லாம் குருட்டுக்குடலுக்குள் போகும், முரடு வெளியேறும் என்று. நார்ச்சத்து கணக்குப்படி 15 சதவீதம் இருந்தாலும், அதை மாவாக்கிவிட்டால் அது முரட்டு நாராக வேலை செய்யாது, பொடியோடு பொடியாக உள்ளே போய் அதிக நேரம் தங்கிவிடும். குடல் மந்தமாகும். கொடியை அரைக்கத்தான் வேண்டும் என்றால் பெரிய கண் சல்லடை போட்டு, விரலில் நெருடுகிற நொய்யாக எடுங்கள். என்னைக் கேட்டால் கொடியை அரைக்கவே வேண்டாம், விரற்கடை நீளத்துக்கு நறுக்கித் தனித் தொட்டியில் வையுங்கள். தவிடு பிண்ணாக்குக் கலவையை மட்டும் கையில் பிடித்தால் உருண்டையாக நின்று, விட்டால் உதிரும் அளவுக்குத் தண்ணீர் தெளித்துப் பிசிறி வையுங்கள், தும்மல் நின்றுவிடும். பிசிறியது ஒரு வேளைக்கு மேல் தொட்டியில் கிடக்கக்கூடாது, புளித்துவிடும்.

கேள்வி: பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல் ஒரு கலவையை எடையோடு சொல்லுங்களேன். புரதம் எவ்வளவு வருகிறது என்று எப்படிக் கணக்குப் பார்ப்பது?

பதில்: சரி, பார்க்கலாம். வளரும் குட்டிக்கு 16 சதவீதம் புரதம், 15ஐ ஒட்டி நார் என்று இலக்கு வைத்துக்கொள்வோம்.

நூறு கிலோவுக்கு நல்ல கடலைக்கொடி 40 கிலோ, கோதுமைத் தவிடு 30, உடைத்த மக்காச்சோளம் 14, கடலைப் பிண்ணாக்கு 13, தாது உப்புக் கலவை இரண்டரை, சாதா உப்பு அரை கிலோ. ஒவ்வொன்றின் எடையையும் அதன் புரத அளவால் பெருக்குங்கள். கொடியில் 12 சதவீதம் என்றால் 40 கிலோவில் 4.8 கிலோ புரதம். தவிட்டில் 15 சதவீதம், ஆக நாலரை. மக்காச்சோளம் 9 சதவீதம், ஒன்றேகால் கிலோ. பிண்ணாக்கு 42 சதவீதம், கிட்டத்தட்ட ஐந்தரை. கூட்டினால் 16 வந்துவிடுகிறது. நாரையும் இதேபோல் போட்டுப் பாருங்கள், கொடியிலிருந்தே 11க்கு மேல் வந்துவிடும், தவிடும் பிண்ணாக்கும் சேர்ந்து பாக்கியை நிரப்பும்.

பாலூட்டும் முயலுக்கு 17, 18 வேண்டும். மக்காச்சோளத்தை 10 ஆகக் குறைத்துப் பிண்ணாக்கை 17 ஆக்கினால் 17ஐத் தாண்டிவிடும். சினையும் இல்லை, பாலும் இல்லை என்ற முயலுக்கு இந்தக் கலவையை முழுவதும் போட்டால் கொழுத்துப்போய்ச் சினையே பிடிக்காது, அதற்குக் கொடியை அதிகமாக்கி மற்றதை ஒரு கைப்பிடியோடு நிறுத்துங்கள்.

இந்தக் கணக்கு வேதவாக்கு இல்லை. உங்கள் கொடியில் இலை உதிர்ந்திருந்தால் 12 என்பது 8 ஆக இருக்கும், மொத்தக் கணக்கும் கீழே வரும். அரிசித் தவிடு போடுகிறவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். எண்ணெய் எடுக்காத தவிடு ஆலையிலிருந்து வந்த சில நாளிலேயே சிக்கு வாடை அடிக்கும், அப்புறம் முயல் தொடாது. உமி கலந்த தவிட்டை உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்தாலே தெரிந்துவிடும், பறக்கிறது எல்லாம் உமிதான். தவிடு எதுவானாலும் அதில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு, அதனால் பயறுவகைக் கொடியோடு சேர்த்துப் போடும்போதுதான் அது சரிக்கட்டும். கொடி கிடைக்காத மாதங்களில் சர்க்கரைவள்ளிக் கொடி கிடைத்தால் விடாதீர்கள். கிழங்கு தோண்டும்போது அள்ளி எறியும் கொடியை வாடவைத்துப் போட்டுப் பாருங்கள், முயல் அதற்காகக் கூண்டில் எழுந்து நிற்கும். புரதமும் கடலைக்கொடிக்குக் குறைவில்லை.

எதிர்பார்ப்பையும் சொல்லிவிடுகிறேன். முழுக்கக் குருணைத் தீவனத்தில், அதாவது ஆலையில் அழுத்திச் செய்த குச்சித் தீவனத்தில், வளரும் நியூசிலாந்து வெள்ளை இனக் குட்டி நல்ல பராமரிப்பில் நாளுக்கு 30 முதல் 40 கிராம் ஏறும். கொடியும் தழையும் மட்டும் என்றால் அதில் பாதி வந்தாலே நல்லது. செலவு குறையும், நாள் கூடும். இரண்டையும் எழுதிப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

கேள்வி: வைக்கோலில் யூரியா தெளித்து ஊட்டமேற்றி மாட்டுக்குப் போடுகிறோம். முயலுக்கும் அதே போடலாமா? கோழிக்குஞ்சுத் தீவனமும் அரை மூட்டை மிச்சம் இருக்கிறது.

பதில்: இரண்டுமே கூடாது. யூரியாவை நுண்ணுயிர்கள் புரதமாக மாற்றி, அந்த நுண்ணுயிர்களை மாடு பிறகு செரித்துக்கொள்கிறது, அதன் வயிற்று அமைப்பு அதற்குத் தோது. முயலுக்கு நுண்ணுயிர் இருப்பது பின்னால், யூரியா அதற்குமுன்பே ரத்தத்தில் கலந்து சிறுநீரில் போகும், அளவு மிஞ்சினால் அமோனியாவாகிக் கொல்லும். யூரியா கலந்த மாட்டுத் தீவனத்துக்கும் இதேதான்.

கோழிக்குஞ்சுத் தீவனம் அதைவிட மோசம். ரத்தக்கழிச்சல் வராமலிருக்க அதில் சாலினோமைசின், நாராசின் மாதிரி மருந்துகளைக் கலந்திருப்பார்கள். கோழிக்கு அது காவல், முயலுக்கு நஞ்சு. மூட்டையில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துப் பாருங்கள். சீட்டு இல்லாத மூட்டை என்றால் படிக்கவும் வேண்டாம், கோழி வளர்க்கிற யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: எதையெல்லாம் போடவே கூடாது என்று சொன்னால் மற்றதை நாங்களே பார்த்துக்கொள்வோம்.

பதில்: ஆமணக்குப் பிண்ணாக்கும் காட்டாமணக்குப் பிண்ணாக்கும் உரத்துக்கு. தெரியாமல்கூடக் கலந்துவிடக் கூடாது, கடலைப் பிண்ணாக்கு மூட்டை பக்கத்தில் வைக்கவே வேண்டாம். உருளைக்கிழங்குச் செடி, பச்சை படிந்த உருளைக்கிழங்கு, தக்காளிச் செடியின் இலைதண்டு, வெண்ணெய்ப்பழ இலை இவையும் வேண்டாம். சோயாவைப் பச்சையாகப் போடாதீர்கள், வறுத்தோ வேகவைத்தோதான் போடவேண்டும். பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கில் காசிபால் என்ற நஞ்சு உண்டு, மாடு தாங்குகிற அளவை முயல் தாங்காது, வேறு பிண்ணாக்கு கிடைக்கிறவரை அதைத் தொடவேண்டாம்.

சிலது, போடுகிற விதத்தில் போட்டால் நல்லது. மரவள்ளி இலையில் 20 சதவீதத்துக்குக் குறையாத புரதம் இருக்கிறது, கூடவே சயனைடும் இருக்கிறது. பறித்ததும் அப்படியே போட்டால் ஆபத்து, நறுக்கி இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைத்தால் பெருமளவு ஆவியாகிவிடும், அப்புறம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். இளஞ்சோளப் பயிரும், வெட்டிய பிறகு தழைக்கிற மறுதாம்பும், அதுவும் தண்ணீர் காணாமல் வாடி நிற்கும்போது, இதே சயனைடைச் சேர்த்து வைத்திருக்கும். முற்றிய சோளத்தட்டையில் அந்தப் பயம் மிகக் குறைவு. சூபாபுல் என்கிற சவுண்டல் மரத்தழையை முயல் விரும்பித் தின்னும், பத்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் கொஞ்ச நாளில் முடி கொட்ட ஆரம்பிக்கும். வாங்கிய புதிதில் எல்லோரும் அதைச் சொறி என்று நினைத்து மருந்து தடவுவார்கள்.

கேள்வி: கரும்புத் தோகை? வாழைத்தண்டு?

பதில்: பச்சைத் தோகையை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டிப் போடலாம், இனிப்புக்காக நன்றாகத் தின்னும். புரதம் ஐந்தாறு சதவீதம்தான், பயறுவகைக் கொடியோடு சேர்ந்தால்தான் பலன். வாழை இலை அளவாகப் போடலாம், துவர்ப்பு அதிகம், அதனால் தினமும் அதுவே என்று வைக்காதீர்கள். வாழைத்தண்டு நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர். வெயில் காலத்தில் ஒரு துண்டு வைத்தால் கடித்துக்கொண்டிருக்கும், அதைத் தீவனக் கணக்கில் எழுதாதீர்கள்.

கேள்வி: தழை மாற்றியதும் சிறுநீர் சிவப்பாகப் போகிறது. ரத்தமா?

பதில்: பெரும்பாலும் தழையின் நிறம்தான், ஒன்றிரண்டு நாளில் மாறிவிடும். சுண்ணாம்பு கரைத்தாற்போல் வெள்ளையாகப் போனாலும் பயப்படாதீர்கள், தேவைக்கு மேற்பட்ட சுண்ணாம்புச் சத்தை முயல் சிறுநீரில்தான் கழிக்கும். முக்கிக்கொண்டு சொட்டுச் சொட்டாகப் போனாலோ, சொட்டில் ரத்தக்கட்டி தெரிந்தாலோ மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: மரவள்ளித் திப்பியும், மதுபான ஆலையில் வடித்த பார்லிச் சக்கையும் ஈரமாகக் கிடைக்கின்றன. பயன்படுத்தலாமா?

பதில்: பார்லிச் சக்கை நல்ல பொருள், காய்ந்த நிலையில் 20 சதவீதத்துக்கு மேல் புரதம், நாரும் உண்டு. சிக்கல் ஈரம்தான். வரும்போது நாலில் மூன்று பங்கு தண்ணீர், இரண்டு நாள் தாண்டினால் புளித்துப் பூத்துவிடும். வந்த அன்றே மெல்லிசாகப் பரப்பிக் காயவைக்க இடமும் வெயிலும் இருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் வேண்டாம். பத்து முயல் வைத்திருப்பவருக்கு ஒரு வண்டிச் சக்கை எதற்கு, பாதி கெட்டுத்தான் போகும். மரவள்ளித் திப்பியில், அதாவது கிழங்கிலிருந்து மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கையில், இன்னும் மாவு இருக்கிறது, புரதம் இல்லவே இல்லை என்று சொல்லலாம். மக்காச்சோளத்துக்குப் பதிலாகக் காய்ந்த திப்பியைக் கொஞ்சம் போடலாம், ஆனால் பிண்ணாக்கைக் கொஞ்சம் கூட்டவேண்டிவரும். பால் மறந்த குட்டிக்கு மாவுப்பொருள் எதையும் அள்ளி வைக்காதீர்கள், செரிக்காத மாவு குருட்டுக்குடலில் போய் நொதித்தால் ஒரே ராத்திரியில் குட்டி போய்விடும்.

கேள்வி: நாம் போடும் தீவனம் ஒத்துக்கொள்கிறதா என்று பரிசோதனைச்சாலைக்குப் போகாமல் எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: கூண்டுக்கு அடியில் குனிந்து பாருங்கள். நல்ல புழுக்கை கொண்டைக்கடலை அளவில், உலர்ந்து, ஒரே மாதிரி இருக்கும். ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினால் உள்ளே மரத்தூள் மாதிரி நார் தெரியும். சின்னதாக, கறுத்து, கெட்டியாக இருந்தால் தீனியோ தண்ணீரோ பத்தவில்லை, முதலில் தண்ணீர்க் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். காய்ந்த தீவனம் எவ்வளவு தின்கிறதோ அதைப்போல் இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும், பால் கொடுக்கும் முயல் ஒரு லிட்டர்கூடக் குடிக்கும், கொடியை நம்பி வளர்ப்பவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். புழுக்கை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இளகி இருந்தால் தவிட்டையும் தானியத்தையும் குறைத்து, இரண்டு நாள் காய்ந்த கொடி மட்டும்.

அப்புறம் ஒரு தராசு. வாரம் ஒருநாள், அதே நாள், காலையில் தீவனம் வைக்குமுன் குட்டிகளை நிறுத்து எழுதுங்கள். வாரத்துக்கு 100 கிராமாவது ஏறவில்லை என்றால் கலவையில் புரதம் குறைகிறது, அல்லது கொடியில் இலை இல்லை, அல்லது கூட்டத்தில் ஒன்று மற்றதைத் தின்னவிடாமல் விரட்டுகிறது. மறுநாள் காலையில் தொட்டியில் மிஞ்சியதையும் நிறுத்துப் பாருங்கள், குச்சி மட்டும் மிஞ்சினால் சரி, இலையோடு மிஞ்சினால் கொடியை முகர்ந்து பாருங்கள். நிறுக்கும்போது காதைப் பிடித்துத் தூக்காதீர்கள், இன்னும் நிறையப் பேர் அப்படித்தான் தூக்குகிறார்கள். ஒரு கையால் தோளுக்கு மேலிருக்கும் தோலைப் பிடித்து, மறு கையைப் பின்பக்கத்துக்கு அடியில் கொடுத்துத் தாங்கித் தூக்குங்கள், உதைக்காது.